தானா முளைச்சுதா? - பாலாற்றங்கரையும் நாலு இங்கிலீஷ் வினைச்சொல்லும்

இங்கிலீஷ்ல 'அப்'னு ஒரு குட்டி வார்த்தை இருக்கு. அது படுத்துற பாடு கொஞ்சநஞ்சமில்லை. டர்ன் என்றால் திரும்பு. பின்னாடி ஒரு அப் ஒட்டினால் டர்ன் அப், அதாவது எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்பது. ஸ்பிரிங் என்றால் துள்ளு. ஸ்பிரிங் அப் என்றால் திடுதிப்பென்று முளைப்பது. க்ராப் என்றால் பயிர். க்ராப் அப் என்றால் நடுவில் ஒரு பிரச்சினை தலைகாட்டுவது. ஷோ அப், பாப் அப் என்று பட்டியல் நீளும். 'அப்' போதாதென்று 'அவுட்' வேறு. கலகம், தீ, காலரா எல்லாம் இங்கிலீஷ்காரனுக்கு பிரேக் அவுட் ஆகும். இதுங்களுக்கு மொத்தமா ஃப்ரேஸல் வெர்ப்னு பேர். பரீட்சைக்கு உருப்போட்டு, எழுதிட்டு வெளியே வந்ததும் மறந்து போற சமாச்சாரம்.

நம்ம தமிழ் இதில் ஒண்ணும் இளைச்சதில்லை. அவன் பின்னாடி ஒரு அப் ஒட்டுறான், நாம பின்னாடி இன்னொரு வினைச்சொல்லையே ஒட்டுறோம். 'வந்தான்' என்றால் வெறும் தகவல். 'வந்து நின்றான்' என்றால் எதிர்பார்க்கலைனு அர்த்தம். 'வந்து சேர்ந்தான்' என்றால் ஒருவழியா வந்தான். 'வந்து குதிச்சான்', 'வந்து தொலைச்சான்' பற்றி விளக்கமே வேண்டாம், விருந்தாளி யாருன்னே கண்டுபிடிச்சிடலாம் :-) அப்புறம் முளைத்தது, கிளம்பியது, வெடித்தது, தலைதூக்கியது, எட்டிப் பார்த்தது என்று நமக்கும் ஒரு பட்டாளம் இருக்கு.

ரெண்டு மொழியிலும் இந்தச் சொற்களுக்குள் ஒரு வில்லங்கம் உண்டு. செய்தவன் யாருன்னு இதுங்க சொல்லாது. 'தெருமுனையில் ஒரு கடை முளைத்தது' என்றால் யார் கட்டினது, யார் பணம் போட்டது, யார் அனுமதி கொடுத்தது என்ற மூணு கேள்வியும் காணாமல் போயிடும். சென்னையிலும் மதுரையிலும் 'திடீர் நகர்'னு இடங்கள் இருக்கே, அதையே எடுத்துக்குங்க. ஒரு ஊரைக் கட்ட வந்த கூலி ஜனம் தங்க இடமில்லாமல் போட்ட குடிசைகளுக்குப் பேர் 'திடீர்'. ஊர் கட்டின கதை பேரிலேயே அழிஞ்சு போச்சு பாருங்க.

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிப் போகும் இந்தத் தோல் பட்டையின் சரித்திரம் (2019ல் ஒரே மாவட்டத்தை மூணாப் பிரிச்சாச்சு, ஆத்தைப் பிரிக்க முடியலை) பெரும்பாலும் இந்த மாதிரி 'திடீர்' வினைச்சொல்லில்தான் சொல்லப்படுது. நாலு வார்த்தை, நாலு சம்பவம் எடுத்துப் பார்க்கலாம்.

1. டர்ன் அப் - ஆம்பூர், 1749

டர்ன் அப் என்றால் புரட்டிப் போட்டு மேலே வருவது. சீட்டாட்டத்தில் கவிழ்ந்து கிடக்கும் சீட்டைத் திருப்பினால் ராஜா வருவானே, அந்த மாதிரி. டிக்கன்ஸோட 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் மிகாபர்னு ஒரு ஆள் வருவார். கடனில் கழுத்து வரை மூழ்கிக்கிட்டு, ஏதாவது ஒண்ணு டர்ன் அப் ஆகும், எல்லாம் சரியாயிடும்னு கடைசி வரை காத்திருப்பார்.

ஆம்பூரில் டர்ன் அப் ஆனவர் சந்தா சாகிப். 1749 ஆகஸ்ட் 3. ஆற்காடு நவாப் அன்வருதீன் ஆம்பூரில் மலைக்கோட்டையை ஒட்டிப் பள்ளம் வெட்டி, மண்மேடு போட்டு, படையோட காத்திருந்தார். எதிரே சந்தா சாகிப், ஐதராபாத் பட்டத்துக்கு ஆசைப்பட்ட முசாபர் ஜங், கூடவே பிரெஞ்சுக்காரர்கள். முதல் ரெண்டு தாக்குதலும் எடுபடலை. மூணாவதில் பிரெஞ்சுப் படை உள்ளே புகுந்தது. கிழட்டு நவாப் யானை மேல் இருந்தபடியே குண்டடி பட்டு இறந்தார். மூத்த மகன் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி தப்பித்து திருச்சிக்கு ஓடினார். அவர் வாங்கின கடன்தான் பின்னாடி கர்நாடகத்தையே கும்பினிக்கு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் போச்சு.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி, 1741ல், திருச்சியில் மராட்டியர் கையில் சிக்கி சதாராவுக்குக் கைதியாப் போன மனுஷன் எப்படி ஆம்பூரில் வந்து நின்றார்? வானத்திலிருந்து குதிக்கலை. அவர் சிறையில் இருந்த காலம் பூரா குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நிழலில் பத்திரமா இருந்தது. விடுதலைக்கான பேரம் துய்ப்ளே மூலமா நடந்தது. அந்தப் பேச்சுவார்த்தைகளை துய்ப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில், தமிழில், எழுதி வைத்தார். 1748ல் ஐதராபாத்தின் பழைய நிஜாம் இறந்து பங்காளிச் சண்டை ஆரம்பிச்சதும் சீட்டைத் திருப்பினார்கள். ஆம்பூர்க்காரனுக்கு அது திடீர். புதுச்சேரியில் கணக்கு எழுதிக்கிட்டிருந்தவருக்கு அது வருஷக்கணக்கில் ஓடின ஃபைல்.

2. பிரேக் அவுட் - வேலூர், 1806

அடுத்து ஐம்பத்தேழு வருஷம் தாண்டி, கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கிட்டிருந்த 69வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளுமா நூத்துக்கு மேலே செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் அதில் ஒருத்தர். திப்புவின் குடும்பம் அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தது. முந்தின நாள்தான் திப்பு மகள் ஒருத்தியின் கல்யாணம். செய்தி ஆற்காட்டுக்குப் போய், கில்லெஸ்பி குதிரைப்படையோட சுமார் இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓடி வந்து, காலையிலேயே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அடுத்து நடந்தது பழிவாங்கல். நூத்துக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இங்கிலீஷ் புத்தகங்களில் இது 'பிரேக் அவுட்' ஆன கலகம். தமிழில் நாமும் 'புரட்சி வெடித்தது' என்போம். வெடிக்கிறதுன்னா வெடி, மருந்து, திரி, பத்த வைக்கிற கை எல்லாம் இருக்கணும் இல்லையா? இருந்தது, வரிசையா இருந்தது.

1805 கடைசியில் புதுத் தலைப்பாகை ஒண்ணு முடிவாச்சு. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி. அதில் தோலால் செய்த ஒரு வில்லை. ஆமாங்க, தோல்! மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்கிற சந்தேகமே இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே சமயத்தில் குமட்டப் போதுமானதா இருந்தது. 1806 மார்ச்சில் வந்த இன்னொரு உத்தரவுப்படி நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, முகவாய் மழிக்கணும். மே மாதம் அதே வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையைப் போட மாட்டோம்னு சொன்னது. இருபத்தொரு பேரை விசாரணைக்குச் சென்னைக்கு அனுப்பி, ரெண்டு பேருக்குத் தலா 900 கசையடி. மற்ற பத்தொன்பது பேருக்கும் 500 விதிச்சு, மன்னிப்புக் கேட்டதும் நிறுத்தி வெச்சாங்க.

இதெல்லாத்தையும் விட முக்கியமான ஆள் முஸ்தபா பேக். இவரும் சிப்பாய்தான். ஜூன் மாதமே கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்குது, ஜாக்கிரதைன்னு சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கச் சொல்லி ஒப்படைச்சது இந்திய அதிகாரிகளிடம். அவர்கள் இவனுக்குப் பைத்தியம்னு எழுதிக் கொடுத்தார்கள். சொன்னவரைச் சிறையில் போட்டார்கள்! எல்லாம் முடிஞ்ச பிறகு அதே முஸ்தபா பேக்குக்குப் பரிசு கொடுத்ததுதான் கும்பினியின் தமாஷ்.

அந்தத் தலைப்பாகை உத்தரவை ஜூலை 17ஆம் தேதியே வாபஸ் வாங்கினாங்க. ஒரே வாரம்! அடுத்த வருஷம் கவர்னர் பெண்டிங், தலைமைத் தளபதி கிரடாக் ரெண்டு பேரையும் லண்டன் திருப்பிக் கூப்பிட்டது. இப்ப சொல்லுங்க, இது பிரேக் அவுட்டா? எட்டு மாசம் கண்ணு முன்னாடி நடந்ததைப் பார்க்காதவனுக்குத்தான் அது பிரேக் அவுட். கசையடி வாங்கினவனுக்கு அது தொடர்கதை.

3. ஸ்பிரிங் அப் - டேனரிகள்

ஸ்பிரிங் என்றால் ஊற்று என்றும் அர்த்தம் உண்டு. பாலாற்றுக்கு இதை விடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. நந்திமலைப் பக்கம் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் தாண்டி வரும் இந்த ஆறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாத்தான் கிடக்கும். தண்ணி மணலுக்கு அடியில் போகும். அந்தக் காலத்தில் ரெண்டடி தோண்டினால் ஊத்து வரும். ஆற்றுப் படுகையிலேயே ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணி கொண்டு போனார்கள்.

டேனரிகள் இந்தக் கரையில் 'முளைத்தன' என்று எல்லாரும் எழுதுறாங்க. முளைக்கிறதுக்கு விதை, தண்ணி, மண் வேணும். ஒண்ணொண்ணா எண்ணலாம். தண்ணி, மேலே சொன்ன ஊற்று. பட்டை, இந்தப் பக்கத்துக் கரிசல் ஓரத்திலும் கல்லாங்குத்திலும் மஞ்சளாப் பூத்துக் கிடக்கும் ஆவாரை. நாம பூவைப் பறிச்சு பொங்கலுக்கு வைப்போம், தோல்காரருக்கு வேண்டியது அதன் பட்டை. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடி நீக்கின தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய் காட்டி எடுத்தால் வெளிர் நிறத்தில் ஒரு தோல் வரும். லண்டன் சந்தையில் அதுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல்னே பேர்.

அடுத்தது தண்டவாளம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி எங்கே போய் நின்னுச்சு தெரியுமா? வாலாஜா ரோடு. ராணிப்பேட்டைக்குப் பக்கத்துல! அடுத்த சில வருஷத்தில் அதே பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியா மேற்கே நீண்டது. கரையோர முஸ்லிம் வியாபாரிகள் முதலும் நாணயமும் போட்டார்கள். தோலைத் தொட்டு வேலை செய்யும் கைகளைச் சாதி ஏற்கனவே ஒதுக்கி வெச்சிருந்தது. சேரியிலிருந்து ஆணும் பெண்ணுமா வந்து சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்றார்கள். இந்தக் கடைசி வரிதான் 'முளைத்தன' என்ற சொல்லில் முதலில் காணாமல் போவது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டது. 1916லிருந்து சர்க்காரே மொத்தமா வாங்கிச்சு. சுதந்திரம் வந்ததும் 1948ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். பிறகு 1970களின் பெரிய திருப்பம். வெறும் தோலாவும் அரைகுறையாப் பதனிட்டும் வெளியே அனுப்பாதே, முழுசாப் பண்ணி, செருப்பாவும் ஷூவாவும் அனுப்பு, டாலர் கூட வரும்னு சீதாராமய்யா குழு சொல்ல, 1973ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, அரைகுறைத் தோலுக்குக் கட்டுப்பாடு. ஆம்பூர் ஷூ ஊரானது அதுக்கப்புறம்தான். ஷிஃப்ட் சங்கு ஊதினால் பஸ் பஸ்ஸா பொண்ணுங்க இறங்கும் காட்சி அந்த முடிவால் வந்தது. எத்தனையோ வீட்டில் முதல் மாதச் சம்பளம்னு ஒண்ணு வந்ததே அதனால்தான். அதைக் குறைச்சுச் சொல்லக்கூடாது.

ஆக முளைக்கலை. ஆறு, செடி, ரயில், முதல், சாதி, யுத்தம், டெல்லி உத்தரவு என்று ஏழு பேர் சேர்ந்து நட்டது.

4. க்ராப் அப் - கிணறு

க்ராப் அப் சுரங்கக்காரர்களின் சொல். பூமிக்கடியில் நீளமா ஓடும் பாறைப் படிவம் ஓரிடத்தில் மட்டும் தரைக்கு மேலே தலை நீட்டுமே, அதுதான் க்ராப். மேலே தெரியறது கொஞ்சம், கீழே கிடக்கிறது மைல்கணக்கில். நம்மகிட்ட இதுக்கு இன்னும் நல்ல வசனம் இருக்கு: கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

இங்கே நிஜமாவே கிணறுதான். நிஜமாவே பூதம்தான்.

பட்டைக்குப் பதில் குரோமியம் வந்ததும் வாரக்கணக்கு வேலை நாள்கணக்கு ஆனது. ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் கழிவு நீர். குரோமியத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. ஆனா விவசாயியின் கழுத்தை நெரிச்சது சாதாரண உப்பு. தோல் அழுகாமல் இருக்க அறுத்த இடத்திலேயே உப்பை வாரிப் போட்டு அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலை அதைக் கழுவி விடுவது. கழுவின தண்ணி ஓடையில், ஓடையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்று மணலிலிருந்து கிணற்றுக்கு. எந்த ஊற்றை நம்பி டேனரி வந்ததோ அதே ஊற்று வழியா உப்பு ஊருக்குள் போச்சு. தென்னை காய்க்கலை, நெல் கருகிச்சு, குடிக்கிற தண்ணி கரிச்சுது.

அப்பவும் பேச்சு 'தண்ணிப் பிரச்சினை தலைதூக்கியது' என்பதுதான். 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகி இருக்கு. தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டு வருது, ஆனா அதுக்காக ஊரை அழிக்க உரிமை கிடையாதுன்னு கோர்ட் சொன்னது. டேனரி ஒவ்வொண்ணுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், நஷ்ட ஈட்டைக் கணக்குப் போட ஒரு ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியா ஒரு பசுமை அமர்வு. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற பசங்க இன்னைக்கும் முதலில் படிக்கிறது இந்த வழக்கைத்தான்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடிச்சது அதோட இலக்கணம். 'மாசுபடுத்தியவரே பணம் கட்டணும்' என்பது அதன் சாரம். நூறு வருஷமா எழுவாய் இல்லாமல் ஓடிக்கிட்டிருந்த வாக்கியத்துக்கு கோர்ட் ஒரு எழுவாயை மாட்டி விட்டது. 'தண்ணி கெட்டுப் போச்சு' போய் 'இன்னார் கெடுத்தார்' வந்தது. வினைச்சொல்லை மாத்தினா பில் யாருக்குப் போகணும்னு தெரிஞ்சிடுது!

ஆனா ஒரே தீர்ப்பில் கதை முடியலை. 2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்தின் மிக மோசமா மாசுபட்ட பத்து இடங்களில் ஒண்ணா ராணிப்பேட்டையைச் சேர்த்தப்ப, பத்திரிகைகளுக்கு ராணிப்பேட்டை 'திடீரென்று' தெரிஞ்சுது. அங்கே 1990களில் மூடிப் போன ஒரு குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சளா தண்ணி கசியும். 2015 ஜனவரி 31ஆம் தேதி நடு ராத்திரி ராணிப்பேட்டையில் கழிவுச் சகதித் தொட்டி உடைஞ்சு, பக்கத்து டேனரியில் தூங்கிக்கிட்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதையும் 'திடீர் உடைப்பு' என்றுதான் எழுதினார்கள். ஒரு தொட்டி ஒரே ராத்திரியில் நிரம்புமா?

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் டேனரி மாசுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு கொடுத்து, நஷ்ட ஈடு போய்ச் சேர்ந்ததானு பார்க்கவும், கண்காணிக்கவும் குழு போடச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம். இதைப் போய் 'க்ராப் அப்' என்று சொல்ல முடியுமா?

அப்புறம்?

இந்த வார்த்தைகளையே தூக்கிப் போடணும்னு நான் சொல்லலை. அது இல்லாமல் பேசவே முடியாது. விருந்தாளி வந்து குதிக்கட்டும், காளான் முளைக்கட்டும். ஆனா சரித்திரத்திலோ செய்தியிலோ 'முளைத்தது, வெடித்தது, கிளம்பியது' என்று வந்தால் ஒரு நிமிஷம் நின்னு ரெண்டு கேள்வி கேட்டுக்கலாம். யாருக்குத் திடீர்? யாருக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருந்தது? முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் எழுதினவராத்தான் இருக்கும். ரெண்டாவதுக்கு விடை ஒரு முஸ்தபா பேக்காவோ, உப்புக் கரிச்ச கிணற்றுக்காரராவோ இருக்கும். அவங்களும் அப்பவே சொல்லியிருப்பாங்க. கேட்டவங்கதான் பைத்தியம்னு எழுதிக் கொடுத்திருப்பாங்க.

உங்க ஊர்ல 'திடீர்'னு முளைச்சதா சொல்லப்படுற சமாச்சாரம் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அடியில் தோண்டிப் பார்ப்போம்.

பி.கு.: ஆம்பூர்னு இவ்வளவு எழுதிட்டு பிரியாணி பத்தி ஒரு வரி இல்லையான்னு கேட்கப் போறவங்களுக்கு: சீரகச் சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் நெடுஞ்சாலையில் திடீர்னு முளைச்சதில்லை. அதுக்குப் பின்னாடி ஆற்காட்டு நவாப் சமையற்கட்டு இருக்குன்னு அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க. அது தனிப் பதிவு. சாப்பிட்டுட்டுத்தான் எழுதணும் :-)